ரிக் வண்டியில் ஆட்களை ஒற்றுமையாக வைத்திருப்பது எப்படிங்க?

மல்லசமுத்திரத்தான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி ஒன்றில் டிரில்லராக இருந்தேன். எனக்கு முன்பு இருந்த மேனேஜர் சொந்தமாக வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டதால், தை மாதத்திலிருந்து ஓனர் என்னை மேனேஜராக்கிவிட்டார். வண்டி இப்போது தெலங்கானாவில் நல்கொண்டா பக்கம் நிற்கிறது. ரிக் ஒன்று, குழிக்குள் இறக்கும் ராடு ஏற்றும் சப்போர்ட் லாரி ஒன்று. இரண்டு டிரைவர், இரண்டு டிரில்லர், ஒரு சமையல்காரர். மற்றவர்கள் ஹெல்பர்கள். அவர்கள் எல்லோருமே சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பையன்கள்.

வேலை எனக்குத் தெரியும். ஹேமர் போடும் சத்தத்தை வைத்தே கீழே என்ன கல் என்று சொல்லிவிடுவேன். ஆள் வைத்து மேய்ப்பதுதான் பிடிபடவில்லை.

இரண்டு டிரில்லர்களும் பேசிக்கொள்வதில்லை. பகலில் ஓட்டுகிறவர், "ராத்திரி ஓட்டுகிறவன் பிட்டைக் கொன்றுவிட்டுக் கொடுக்கிறான்" என்கிறார். (பிட் என்றால் குழியின் அடியில் கல்லை உடைக்கும் முனை.) ராத்திரி ஓட்டுகிறவர் அதையே திருப்பிச் சொல்கிறார். இதில் ஒருவர் ஓனருடைய மச்சான், நான் என்ன சொன்னாலும் வீட்டுக்குப் போய்விடும். சமையல்காரர் சங்ககிரிப் பக்கம். மூன்று வேளையும் சோறு, ரசம்தான். ஹெல்பர்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். போன வாரம் ஒரு பையனுக்கு ராடு மாட்டும்போது விரல் நசுங்கிவிட்டது. சம்பளம் பிடிப்பேன் என்று பயந்து மறுநாள் வரை துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறான். அட்வான்ஸ் வாங்கிய இரண்டு பேர் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார்கள்.

ஓனரிடம் சொன்னால் "கண்டிப்பா இருடா" என்று போனை வைத்துவிடுகிறார். எல்லோரையும் உட்கார வைத்து ஒருநாள் பேசலாமா, இல்லை கறிச்சோறு போட்டுச் சமாதானம் செய்யலாமா? ஆள் வைத்து வேலை வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்க.

நாமக்கல் ஓனர்:

ரொம்ப யோசிக்காதே தம்பி. மாதம் ஒருமுறை ஆடு எடுத்துப் போடு, ஆளுக்கொரு குவார்ட்டருக்குக் காசு கொடு, எல்லாம் சரியாகிவிடும். துள்ளுகிறவன் ஒருத்தனை ஊருக்கு அனுப்பு, மற்றவர்கள் தானாக அடங்குவார்கள். நானும் வண்டி ஓட்டித்தான் ஓனர் ஆனேன். மேனேஜர் பயப்படுகிறான் என்று தெரிந்தால் சமையல்காரன்கூட மதிக்க மாட்டான்.

பழைய மேனேஜர், ராசிபுரம்:

ஓனர் சொன்னதில் ஆட்டுக்கறி வரைக்கும் சரி. மற்றதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் வண்டி ஏறிய காலத்தில் ஹெல்பர்கள் எல்லாம் நம்ம ஊர்ப் பையன்கள். ஒரே பேச்சு, ஒரே நோம்பி. ஒருத்தன் முறுக்கிக்கொண்டால் அவன் மாமனுக்குச் சொல்லிவிட்டால் போதும். அன்றைக்கும் ஒரியாட்டம் இருந்தது தம்பி. ஆக, பாஷை வேறு என்பதால்தான் சண்டை என்று நினைக்காதே. கணக்கிலும் சோற்றிலும் தூக்கத்திலும் ஓரவஞ்சனை இருந்தால் அண்ணன் தம்பியே பேசிக்கொள்ள மாட்டான். அது மூன்றும் நேராக இருந்தால் முன்பின் தெரியாத பத்துப் பேர் ஆறு மாதம் ஒரே லாரியில் காலம் தள்ளுவார்கள். ஒற்றுமையாக இருங்கள் என்று உட்கார வைத்துப் பேசாதே. அந்த அரை மணி நேரம் தூங்கட்டும்.

முதலில் பிட் பஞ்சாயத்தை முடி. இரண்டு டிரில்லரும் கெட்டவர்கள் என்று நீ நினைக்கிறாய். யார் எத்தனை அடி ஓட்டினார் என்று எழுதி வைக்காததுதான் அங்கே குறை. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நம்பர் போடு. ஒரு நோட்டில் தேதி, பிட் நம்பர், எந்த ஊர், என்ன கல், எத்தனை அடியிலிருந்து எத்தனை அடி வரை, யார் கையில் ஓடியது, கடைசியாக எப்போது பட்டன் (பிட் முகத்தில் இருக்கும் குமிழ்கள்) கிரைண்டிங் செய்தது, இதை மட்டும் எழுது. வெளிச் சுற்றுப் பட்டன் தேய்ந்த பிட்டை ஓட்டினால் குழியின் சுற்றளவு குறைந்துகொண்டே வரும், அப்புறம் புது பிட் அதற்குள் இறங்காது. இது உனக்கே தெரியும். அந்த இடத்தில்தான் ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்வார்கள். ஆள் மாறும்போது இரண்டு பேரும் ஒன்றாக நின்று பிட்டைப் பார்த்து, அளந்து, எழுதிவிட்டு மாறட்டும். ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அளப்பார்கள். பரவாயில்லை. எழுதி வைத்த அடிக்கு எதிராக யாரும் ரொம்ப நாள் சண்டை போட முடியாது. நல்கொண்டாவில் கிரானைட். அங்கே பிட் சீக்கிரம் போவது கல்லின் குணம் என்பது இரண்டு மாத நோட்டைப் பார்த்தாலே ஓனருக்கும் விளங்கிவிடும்.

அடுத்தது சோறு. வண்டியில் மேனேஜருக்கு அடுத்த பெரிய ஆள் சமையல்காரர். நீ அவரை அதட்டாதே. ஒருவேளைக்காவது ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு என்று போடச் சொல், மாவு பிசைய அந்தப் பையன்களில் ஒருத்தனையே கூட வைத்துவிடு. பத்துப் பேருக்கு ரொட்டி தேய்ப்பது லேசான வேலை இல்லை, சமையல்காரர் முறைப்பதிலும் நியாயம் இருக்கிறது. ரேஷன் செலவு நோட்டைச் சப்போர்ட் வண்டியில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் தொங்கவிடு. அரிசி, எண்ணெய், கேஸ், கறி என்ன விலைக்கு வந்தது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். இன்னொன்று, நீ எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? டிரில்லரும் டிரைவரும் நீயும் தார்ப்பாய் நிழலில், பையன்கள் டயர் ஓரத்தில் என்றால், நீ மாதம் எத்தனை ஆடு அடித்தாலும் பிரயோசனம் இல்லை. தட்டில், டம்ளரில் சாதி பார்க்கிற ஆள் வண்டியில் இருந்தால் முதல் நாளே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடு: ஒரே பாத்திரம், ஒரே வரிசை, பிடிக்காவிட்டால் பஸ் ஏறிக்கொள்ளலாம். கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் இதுதான்.

தூக்கத்துக்கு வருகிறேன். ஏஜெண்ட் அடுத்த பாயிண்ட் (குழி போட வேண்டிய இடம்) ரெடி என்று போன் செய்வான். குழி முடிந்ததும் கிளம்பு என்பான். ஏஜெண்டுக்குக் கமிஷன், உனக்கு அடிக்கு இவ்வளவு என்கிற ரேட், ஓனருக்கு வண்டிக் கடன் டியூ. நடுவில் கண் எரிய உட்கார்ந்திருப்பவன் டிரைவர். ராத்திரி வண்டியை மாற்ற வேண்டும் என்றால் அந்த டிரைவரை மத்தியானமே படுக்கச் சொல், அவனிடம் டீசல் வாங்கி வா, டீ வாங்கி வா என்று ஏவாதே. வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. நிழல் வேறு இல்லை என்பார்கள், நீ தார்ப்பாய் கட்டிக் கொடு. தலை எண்ணிவிட்டுத்தான் இஞ்சின் போட வேண்டும். குவார்ட்டர் வேண்டாம் என்றதற்கும் இதுதான் காரணம். ஆயிரம் அடி என்றால் இருபதடி ராடு ஐம்பது மாட்ட வேண்டும், அப்புறம் அதே ஐம்பதையும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு ராடுக்கும் ஒரு பையனின் கை அங்கே இருக்கிறது. முந்தின ராத்திரி குடித்த கை மறுநாள் எந்த ராடில் தடுமாறும் என்று யாருக்குத் தெரியும்? குடிக்கிறவன் ஊருக்குப் போய்க் குடிக்கட்டும். மேனேஜர் காசில் வேண்டாம்.

கம்ப்ரசர் ஓடும்போது நீ திட்டுவது ஒரு எழுத்துக்கூட யாருக்கும் கேட்காது, உன் முகம் மட்டும்தான் தெரியும். அதனால் திட்டுவதை விட்டுவிட்டுக் கை ஜாடையைப் பழக்கு. குறிப்பாக நிறுத்து என்பதற்கு ஒரே ஜாடை. அதை ஹெல்பர் காட்டலாம், டிரைவர் காட்டலாம், சமையல்காரர்கூடக் காட்டலாம். யார் காட்டினாலும் டிரில்லர் லீவரை விட்டுவிட வேண்டும். பார்த்தால் ஒன்றுமே இல்லையா, சரி, மறுபடி ஓட்டு. வீணாக நிறுத்தினாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. ஒருமுறை கேட்டால் போதும், அப்புறம் விரல் உள்ளே போகும்போதுகூட ஒருத்தனும் கை காட்ட மாட்டான்.

கடைசியாகத் தூசி. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆட்களை நன்றாக வைத்திருப்பது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். தண்ணீர் தட்டும் வரை புகை மாதிரி வெள்ளையாகக் கிளம்புகிறதே, அதில் கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நெஞ்சுக்குள் இறங்கித் தங்குகிறது. வாயில் துண்டு கட்டினால் அது நிற்காது. என்னோடு ஓடிய டிரில்லர் ஒருவருக்கு இருமல் விடவே இல்லை. டிபி என்று மாத்திரை தின்றுகொண்டே இருந்தார், கடைசியில் சிலிக்கோசிஸ், கல்பொடியால் நுரையீரல் கெடும் நோய், என்றார்கள். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. காற்றோடு தண்ணீர் விடுகிற பம்ப்பை ரிப்பேர் என்று சும்மா போட்டு வைத்திருப்பீர்கள், பாதி வண்டியில் அப்படித்தான். அதை முதலில் சரிசெய். தூசி மேலே வராதபடி காற்று வீசி வருகிற பக்கமாக ஆட்களை நிறுத்து, என்-95 மாஸ்க் வாங்கிப் போடு, வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போது எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிடு. எல்லோருக்கும் என்றால் ஹெல்பர்களுக்கும்தான்.

நாமக்கல் ஓனர்:

எக்ஸ்ரே செலவு யார் கொடுப்பது அண்ணா? இன்றைக்கு டீசல் போடுவதற்கே அடி ரேட் பத்தவில்லை. பையன்கள் ஒரு சீசனுக்கு மேல் தங்குவதும் இல்லை.

பழைய மேனேஜர், ராசிபுரம்:

ஏன் தங்குவதில்லை என்றுதான் இவ்வளவு நேரம் சொன்னேன். புது ஆள் வந்து ராடு மாட்டப் பழகும் வரை எத்தனை அடி குறைகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்க. எக்ஸ்ரே அதைவிடச் சல்லிசு.

வார்டு சிஸ்டர், கோவை:

ரிக் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரிலிருந்து போய் வருகிறவர்கள் காயத்தோடு வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த விரல் விஷயத்துக்காக எழுதுகிறேன்.

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்பவர் அமெரிக்காவில் மருத்துவமனை வார்டுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை இருக்கும் வார்டில் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு எடுத்தால் நல்ல வார்டுகளில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே இருந்தவர்கள் பயப்படாமல் வெளியே சொன்னார்கள், மற்ற வார்டுகளில் மறைத்தார்கள் என்று அதற்கு விளக்கம் கிடைத்தது. இன்சார்ஜாக இருக்கும் எனக்கு அது அன்றாடம் உதவும் விஷயம். என் வார்டில் ஒரு மாதம் முழுக்க ஒரு புகாரும் எழுதப்படவில்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். உங்கள் வண்டியில் அந்தப் பையன் காயத்தை மறைத்தான் என்றால், அவனுக்கு முன்னால் யாருக்கோ சம்பளம் பிடித்திருப்பார்கள். காயம் பட்டதைச் சொன்னால் அன்றைய சம்பளம் உண்டு, ஆஸ்பத்திரிச் செலவு வண்டியுடையது என்று எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். சொன்னபடி செய்யவும் வேண்டும். நசுங்கிய விரலில் மஞ்சள், டீத்தூள் எதையும் அப்பாதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணி சுற்றி உடனே கூட்டிப்போய் டெட்டனஸ் தடுப்பூசி போடுங்கள்.

இன்னொன்று, அந்தப் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களா? ஹெல்பர் பையன்கள் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆபரேஷன் தியேட்டரில் கத்தி வைப்பதற்கு முன் அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி. எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறப்பு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பெயர் சொன்னதால் மட்டும் குறையவில்லை, அதில் இன்னும் பல வரிகள் இருக்கின்றன. ஆனால் ஒருமுறை தன் பெயரைச் சொல்லி வாய் திறந்த ஆள், அப்புறம் "டாக்டர், ஒரு நிமிடம்" என்று சொல்லவும் கூசுவதில்லை. நானே பார்த்திருக்கிறேன்.

மே மாதம் அங்கே வெயில் பயங்கரமாக இருக்கும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, கலக்கிக் குடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் ஆள் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் கிண்டல் செய்யாதீர்கள். நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பனியன் கம்பெனி அக்கா, அவிநாசி:

தம்பி, நான் திருப்பூரில் லைன் சூப்பர்வைசர். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், கைமடி என்று ஒரு தையல் லைன் முழுக்க என் பொறுப்பு. எங்களிடமும் ஒடிசா, பீகார் பிள்ளைகள் நிறைய. அட்வான்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஓடிப்போன இரண்டு பேருக்கும் போன் போடுங்கள். பணத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள், ஏன் போனீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஒருத்தனாவது நிஜத்தைச் சொல்வான். எங்கள் லைனில் கிளம்பிப்போன ஒரு பெண்ணிடம் கேட்டபோது, சம்பளம், சாப்பாடு எதுவும் காரணம் இல்லை, அவள் வாங்கிய கடன் தொகையைச் சனிக்கிழமை சம்பளம் போடும்போது எல்லோர் காதிலும் விழும்படி படித்துவிட்டார்கள், அதுதான் காரணம் என்றாள். அன்றிலிருந்து ரேஷன் கணக்கு ஊருக்கே தெரியலாம், ஒருத்தருடைய அட்வான்ஸ் அவருக்கும் எனக்கும் மட்டும் என்று வைத்திருக்கிறேன். மீதிச் சம்பளத்தை ஜிபேயில் வீட்டுக்கே அனுப்பச் சொல்லிக் கேட்டால் அனுப்புங்கள், ரசீதைக் காட்டுங்கள்.

அப்புறம், "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று மட்டும் பேசிவிடாதீர்கள். திருப்பூரில் அதைக் கேட்டாலே எங்களுக்குச் சிரிப்பு வரும். ஒன்றரை ஷிப்ட் முடிந்த பிறகும் உட்கார வைக்க வேண்டிய நாளில்தான் குடும்பம் என்பார்கள், போனஸ் பேசும்போது குடும்பம் காணாமல் போய்விடும். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு "நன்றிங்க" என்று சொன்னால் போதும்.

லீவையும் முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். நம்ம ஆட்களுக்கு வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேர். ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை வரும். அதற்கு அனுப்பிப் பாருங்கள், போனவன் திரும்பி வரும்போது கூட ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வருவான்.

மல்லசமுத்திரத்தான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. பிட்டுக்கெல்லாம் நம்பர் போட்டு நோட்டு ஆரம்பித்துவிட்டேன். தண்ணீர் பம்ப்புக்கு சீல் வாங்க ஆள் அனுப்பியிருக்கிறேன். ஓடிப்போனவர்களில் ஒருத்தன் போனை எடுத்தான். ராத்திரி டிரில்லர் அவன் அம்மாவைச் சேர்த்துத் திட்டினாராம், அதனால் போனானாம்.

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்த ராத்திரி டிரில்லர்தான் ஓனருடைய மச்சான். நோட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "என்னையே நம்பவில்லையா, மாமாவுக்குப் போன் போடட்டுமா" என்கிறார். இவரை என்ன செய்வது?

பழைய மேனேஜர், ராசிபுரம்:

அவர் போன் போடுவதற்கு முன்னால் நீ போடு. இன்றைக்கே போடு, சாயங்காலம் கலெக்‌ஷன் கணக்குச் சொல்லும்போது. மச்சானைப் பற்றிக் குறை சொல்லி ஆரம்பிக்காதே, ஓனர் எந்தப் பக்கம் நிற்பது என்று சங்கடப்படுவார். பிட் விலையிலிருந்து ஆரம்பி. ஒரு பிட் எத்தனை அடி ஓட வேண்டும், போன மாதம் எத்தனை பிட் வாங்கினோம், நோட்டு எழுதினால் என்ன மிச்சமாகும் என்று சொல். அப்புறம் "இரண்டு டிரில்லரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீங்களே ஸ்பீக்கரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்று கேள். உத்தரவு ஓனர் வாயிலிருந்து வந்தால் மச்சானுக்கும் மரியாதை குறையாது, பகல் டிரில்லருக்கும் அது உன் வேலை என்று தோன்றாது.

திட்டிய விஷயம் வேறு. அதை ஓனரிடம் கொண்டுபோகாதே, அது மேனேஜர் வேலை. கம்ப்ரசரை நிறுத்திய பிறகு, பையன்கள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, "மாப்ளே, வேலையில் எது தப்பானாலும் திட்டிக்கோ, அம்மா அக்காவை இழுக்காதே, இனிமேல் இழுத்தால் லீவரை நான் பிடிப்பேன்" என்று சொல். நீயும் டிரில்லர்தானே, உன்னால் பிடிக்க முடியும் என்று அவருக்குத் தெரியும். மறுபடி அதேபோல் பேசினால் அன்றைக்கு ராத்திரி நிஜமாகவே நீ பிடித்துவிடு.

ஓடிப்போன பையனைத் திரும்பக் கூப்பிட்டாயா இல்லையா, அதை எழுதவே இல்லையே?

மல்லசமுத்திரத்தான்:

கூப்பிட்டேங்க. ராய்ப்பூர் வரை டிக்கெட் காசு தானே போட்டுக்கொண்டு போனானாம், அதைக் கொடுத்தால் வருகிறேன் என்கிறான். இப்போதுதான் ஜிபேயில் போட்டேன். ரேஷன் நோட்டில் எழுதவில்லை, அக்கா சொன்ன மாதிரி அது அவனுக்கும் எனக்கும் மட்டும்.